கோபாலு சம்மணம் போட்ட நாள்

கோபாலசுப்பிரமணியன் போன ஐப்பசியில் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் செத்துப்போனான். அந்த மாதம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் போய்க்கொண்டிருந்தார்கள். அவனுக்கென்று தனியாக அழ யாரிடமும் கண்ணீர் மிச்சமில்லை. முப்பத்தோரு வயது. பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் வெள்ளைக்காரன் தொப்பியைக் கழற்றி வீசி அவன் பெயரைக் கத்தியிருக்கிறான். இங்கே அவனை எரிக்கக் காய்ந்த விறகு கிடைக்கவில்லை. அவனை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. அவனுக்கு என்னைவிடக் கெடுதல் செய்தவனும் கிடையாது. நான் அவனுடைய பெரியப்பா பிள்ளை, முத்துசுப்பிரமணியன். மூஞ்சியைச் சுளிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் இருக்கிறது. சிவன் கோயில் ஒன்று. அதில் பூஜை பண்ணுகிற குருக்கள் வீடு இரண்டு. தையிலிருந்து ஆனி வரை எங்கள் வீட்டு முறை. ஆடியிலிருந்து மார்கழி வரை சித்தப்பா வீட்டு முறை. முறை எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் தட்டில் விழுகிறதும், உச்சிக்காலம் முடிந்து மடப்பள்ளியிலிருந்து வருகிற பட்டைச் சோறும். முறை இல்லாத ஆறு மாதம் யார் வீட்டில் தெவசம், யார் வீட்டில் சீமந்தம் என்று விசாரித்து இலைக்கு முன்னால் போய் உட்கார வேண்டியதுதான். எனக்கு நாலு பெண்கள். ஆடி பிறந்தால் என் பெண்டாட்டி அரிசிப் பானையைத் திறக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அந்த ஆறு மாதத்தை நான் எப்படி வெறுத்தேன் என்பது பசித்துக் கிடந்தவனுக்குத்தான் புரியும்.

என்னை ஏழு வயதில் ஆகமம் படிக்கப் போட்டார்கள். சித்தப்பா தன் பிள்ளையை இங்கிலீஷ் படிக்க அனுப்பினார். சிந்துபூந்துறையில் ஓர் அத்தை வீடு. அங்கே தங்கி, பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டை போய் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான் கோபாலு. சாயங்காலமானால் எல்லாப் பையன்களும் மைதானத்தில் இறங்கிப் பந்து உதைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பந்து தோல் பந்து. குருக்கள் வீட்டுப் பிள்ளை தோலைத் தொடலாமா என்று பயந்துபோய் அப்பாவுக்குக் கடிதாசு எழுதினான். சித்தப்பா இரண்டு நாள் யோசித்துப் பதில் போட்டார். காலால் உதைத்தால் ஆற்றில் முழுகினால் போய்விடும். கையால் தொடாதே, தலையில் படவிடாதே.

சாஸ்திரத்துக்குப் பயந்து அப்பா எழுதிய அந்த இரண்டு வரிதான் அவனை ஆட்டக்காரனாக்கியது. மற்றப் பையன்கள் உயர வருகிற பந்தைத் தலையால் முட்டுவார்கள். இவன் குடுமியைக் காப்பாற்றிக்கொள்ள இரண்டடி பின்னால் போய், பந்து தரையில் விழுகிற நேரம் பார்த்துப் பாதத்தால் அமுக்கிவிடுவான். அமுக்கின பந்து அப்புறம் அவன் காலைவிட்டுப் போகாது. எல்லைக்கோட்டைத் தாண்டிப் போன பந்தைக் கையில் எடுத்து எறிய வேண்டும். அதை மட்டும் வேறொருவன் செய்வான். இதற்காகத் துரைமார்கள் சிரித்தார்கள். மூன்றாம் வருஷம் யாரும் சிரிக்கவில்லை. ஆடி முடித்ததும் நேராக ஆற்றுக்குப் போய், கட்டின துணியோடு மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஈரம் சொட்டச் சொட்டத்தான் அத்தை வீட்டுப் படி ஏறுவான். மார்கழிப் பனியிலும் அப்படித்தான்.

நான் அவன் ஆட்டத்தை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷம், பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில். பூட்ஸ் போட்ட நாலு பேரை, பஞ்சகச்சம் மாதிரி வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு தாண்டிப் போனான். அவர்கள் உதைத்ததெல்லாம் காற்றைத்தான். பந்து வலைக்குள் போனபோது என் பக்கத்தில் நின்ற ஒரு சாயபு என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். நானும் குதித்தேன். வீட்டுக்கு வருகிற வழியில் வயிறு எரிந்தது. ஒரே ரத்தம், ஒரே தாத்தா. எனக்கு மட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் நாற்றமும்.

படிப்பு முடிந்ததும் தூத்துக்குடியில் ஒரு பஞ்சுக் கம்பெனித் துரை அவனைக் கூப்பிட்டுக் குமாஸ்தா வேலை கொடுத்தான். கணக்கெழுத அல்ல, ஆடுவதற்கு. கப்பல்கள் வந்து நிற்கும்போது மாலுமிகளோடு பந்தயம் வைத்து ஆடுவது துரைமார்களுக்குப் பொழுதுபோக்கு. அந்த நாலு வருஷமும் கோபாலுவுக்கு ராஜயோகம். ஜயலக்ஷ்மியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். பாலாம்பாள் பிறந்தாள். ஊருக்கு வரும்போதெல்லாம் என் பெண்களுக்குப் பாவாடைத் துணி வாங்கி வருவான். வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொள்ளும்போதும் வயிறு எரியத்தான் செய்தது.

பதினொன்றாம் வருஷம் தை மாதம், ஒரு மாலுமி பந்தை விட்டுவிட்டு அவன் வலது முழங்காலுக்குக் கீழே பூட்ஸால் உதைத்தான். சத்தம் மைதானத்துக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டதாம். கப்பல் டாக்டர் எலும்பை நேராக்கி, இரண்டு பக்கமும் பலகை வைத்துத் தோல்வாரால் இறுக்கிக் கட்டினார். நாற்பது நாள் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். சித்தப்பா போய்ப் பிள்ளையை ரயிலேற்றிக் கூட்டிவந்தார். மணியாச்சியில் வண்டி நின்றபோதுதான் வேஷ்டியை விலக்கிக் கட்டைப் பார்த்திருக்கிறார். உதைத்தால் முழுகிவிடலாம், நாற்பது நாள் உடம்பிலேயே தோல் கிடந்தால் எங்கே முழுகுவது, எப்போது சந்தி பண்ணுவது? அங்கேயே அவிழ்த்துத் தண்டவாளத்தில் எறிந்துவிட்டார். எட்டு வருஷம் தோலை உதைத்த காலுக்கு நாற்பது நாள் தோல் ஆகாமல் போய்விட்டது.

ஊரில் கருத்தையா என்று ஒரு எலும்பு வைத்தியன் இருந்தான். நல்ல கைராசிக்காரன், ஒரு காளைமாட்டின் காலைக்கூட ஒட்டவைத்தவன். மூங்கில் பத்தையும் உளுத்தமாவும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டுவது அவன் முறை. முட்டை என்றதும் சித்தப்பா காதைப் பொத்திக்கொண்டார். மாவை மட்டும் வைத்துக் கட்டு என்றார். கருத்தையா வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"முட்டை இல்லன்னா கட்டு நிக்காது சாமி. பெறவு என்னைய குத்தம் சொல்லப்படாது."

வெறும் மாவை வைத்துத்தான் கட்டினான். இருபது நாளில் காய்ந்து உதிர்ந்தது. எலும்பு ஒட்டினதுபோல இருந்தது, ஆனால் வளைந்து, இரண்டு விரற்கடை குட்டையாக. கோபாலு இதற்கெல்லாம் தலையைத்தான் ஆட்டினான். அப்பா சொன்னால் சரி என்கிற ஜாதி அவன். எனக்கு அவனிடம் எரிச்சலே அதுதான். கம்பெனித் துரை ஒரு கடிதாசு போட்டான், இனி வரவேண்டாம் என்று. அவன் நாற்காலியில் புன்னக்காயல் பையன் ஒருத்தனை உட்கார வைத்தாயிற்று. அவனும் நன்றாக ஓடுவானாம்.

இருபத்துநாலு வயதில் ஆட்டம் முடிந்தது. அடுத்த வருஷம் சித்தப்பாவுக்குக் கை நடுக்கம் முற்றி, தீபாராதனைத் தட்டு ஸ்வாமி முன்னாலேயே கீழே விழுந்தது. இனி அவர் பூஜை பண்ண முடியாது. ஆடி பிறக்க இரண்டு மாதம் இருந்தது. முறையைக் கோபாலு எடுத்தால் அந்த வீட்டில் அடுப்பெரியும். எடுக்க முடியாவிட்டால் வருஷம் பன்னிரண்டு மாதமும் எனக்கு. அங்கம் குறைந்தவன் ஸ்வாமியைத் தொட்டுப் பூஜை பண்ணக் கூடாது என்பது விதி. கோபாலு நொண்டி. இதை நான் தர்மகர்த்தாவிடம் போய்ச் சொன்னேன். காதும் காதும் வைத்தாற்போல அல்ல, கோயில் வாசலில் நாலு பேர் கேட்கவே சொன்னேன்.

தர்மகர்த்தா அம்பலவாணன் பிள்ளை. நிலபுலன்காரர், வாக்குச் சுத்தம். திருநெல்வேலியிலிருந்து ஒரு சாஸ்திரிகளை வரவழைத்தார். சாஸ்திரிகள் சுவடியைப் பிரித்துவைத்துக்கொண்டு இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம் என்று இழுத்தார். பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது.

"காலு இருக்கு, நடக்குதாரு. பெறவு என்ன சாஸ்திரிகளே? ஆத்துலேர்ந்து அபிஷேகத் தண்ணி எடுத்துட்டு வரட்டும். மூணு குடம். தளும்பாம, கால் இடறாம வந்து சேர்ந்தாருன்னா முறை அவருக்குத்தான்."

வைகாசி கடைசிச் சோமவாரம் என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம் எங்கள் பாட்டனார் தெவசம். கோபாலு எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டான். வலது காலை மடக்காமல் இலைக்குப் பக்கவாட்டில் நீட்டி, மேலே அங்கவஸ்திரத்தைப் போட்டு மூடியிருந்தான். பரிமாறுகிறவர்கள் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அந்தக் கால் மடங்காது. மடக்கினால் உயிர் போகும். பாயசம் பரிமாறும்போது அவன் கொஞ்சம் நகர்ந்தான், முகம் வெளுத்துப்போயிற்று. பார்த்துக்கொண்டே பாயசத்தைக் குடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சோமவாரம் ஊரே படித்துறையில் நின்றது. ஜயலக்ஷ்மி பாலாம்பாளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். முதல் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோபாலு படியேறினான். நொண்டவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரான மனுஷன் மாதிரி நடந்தான். அப்புறம் பாதத்தைப் பார்த்தேன். குட்டையான காலை முன்விரல்களில் மட்டும் ஊன்றி, குதிகாலைத் தரையில் படவிடாமல் உயர்த்தி நடந்துகொண்டிருந்தான். இரண்டு விரற்கடை உயரம், கச்சிதமாக. மைதானத்தில் ஓரக்கோட்டில் ஓடிப் பழகின கால். உடம்பின் கனம், குடத்தின் கனம் அத்தனையும் அந்த ஒட்டாத எலும்பில். ஒரு சொட்டுத் தளும்பவில்லை. இரண்டாவது குடத்துக்கு ஜனங்கள் மூச்சுவிடாமல் நின்றார்கள். மூன்றாவது குடம் மகாமண்டபத்தில் இறங்கினபோது அம்பலவாணன் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபாலுவின் மேலெல்லாம் வேர்வை வழிந்தது, சிரித்துக்கொண்டிருந்தான். ஜெயித்துவிட்டான். பிள்ளை வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆறு மாதம் பட்டினி எனக்குப் புதிதா என்ன? நாலு பெண்களும் அதுவரை உயிரோடுதானே இருந்தார்கள். ஆனால் கூட்டமெல்லாம் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பாளையங்கோட்டையில் அந்தச் சாயபு குதித்த மாதிரி, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்வாமியின் முன்னாலும் இவனுக்குத்தானா?

"பிள்ளைவாள்," என்றேன். "நடந்தாச்சு, சந்தோஷம். ஹோமத்துக்கு உட்காரணுமோல்லியோ? ஒரு நாழி சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கோ. அதையும் பார்த்துடலாம்."

சாஸ்திரிகள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்கு ஏதாவது ஒரு முடிவு வேண்டியிருந்தது. பிள்ளை தட்டைக் கீழே வைத்தார். கோபாலு என்னைப் பார்த்தான். கோபம் இல்லை, கணக்கு மறந்த பையன் வாத்தியாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அப்புறம் அவனுடைய அப்பாவைப் பார்த்தான். சித்தப்பா நடுங்குகிற கையைத் தூக்கி, உட்காரு, உட்காரு என்று ஜாடை காட்டினார். அவருக்குத் தெரியாது. பெற்ற பிள்ளை ஒன்றரை வருஷமாக மறைத்து வைத்திருந்ததை நான்தான் தெரிந்துகொண்டேன்.

முடியாது என்று அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் முறை போய்விடும். உட்கார்ந்தான். இடது காலை மடக்கினான். வலது காலை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல இழுத்து, பாதத்தைத் தொடைக்குக் கீழே செருகினான். ஒரு கணம் முழுச் சம்மணமாக, முதுகு நிமிர்ந்து, கையில் சின்முத்திரையோடு உட்கார்ந்திருந்தான். யாரோ சிவ சிவ என்றார்கள். அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த தென்னை மட்டையை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கே நாக்கூசுகிறது. மண்டபத்தில் ரத்தம் விழுந்தால் நடை சாத்த வேண்டும், சாந்தி பண்ண வேண்டும், மூன்று நாள் பூஜை நிற்கும். சாஸ்திரிகள் அதைத்தான் முதலில் சொன்னார். நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் ஒரு தாம்பாளத்தை அவன் காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். காலைப் பிடிக்கவில்லை, தாம்பாளத்தைப் பிடித்தேன். கொடிமரம் தாண்டுகிற வரை ஒரு சொட்டுக் கீழே விழவில்லை. வெளியே கொண்டுவந்து மணலில் போட்டுவிட்டு, எல்லோரும் உள்ளே ஓடிப்போய் அவன் உட்கார்ந்திருந்த இடத்தைக் கழுவினோம். அரைமணி நேரம் அவன் பக்கத்தில் ஜயலக்ஷ்மியைத் தவிர யாரும் இல்லை. வண்டி கொண்டுவந்தவன் கருத்தையா.

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் எட்டு நாள் பார்த்தார்கள். சீழ் வைத்து மேலே ஏறியது. ஒன்பதாம் நாள் தொடையோடு வெட்டிவிட்டார்கள். இனிமேல் சுவடி பார்க்க வேண்டியதே இல்லை.

அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தான். கவைக்கம்பு வைத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் கோர்ட் வாசலில் இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்தான். ஒரு தடவை முகாமுக்கு வந்த துரை ஒருவன் இவன் யார் என்று தெரிந்துகொண்டு, தன் பெண்சாதியைக் கூட்டிவந்து காட்டினானாம். வெயிலில் எழுந்து நிற்கச் சொல்லி, வெட்டின இடத்தைப் பிரம்பால் தொட்டுக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனானாம். சித்தப்பா பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலேயே ஒரு வருஷம் இருந்து செத்தார். பாலாம்பாளுக்கு எட்டு வயதில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நாற்பத்திரண்டு, இரண்டாம் தாரம். வரனை நான்தான் பார்த்து முடித்தேன். வேறு யார் வருவார்கள் அந்த வீட்டுக்கு? என் வீட்டில் பன்னிரண்டு மாதமும் அடுப்பு எரிந்தது. நாலு பெண்களையும் நல்ல இடத்தில் கொடுத்தேன். பட்டைச் சோற்றில் ஒரு பங்கை நாள் தவறாமல் அவன் வீட்டுக்கு அனுப்பினேன். கோபாலு சாப்பிடுவான். ஜயலக்ஷ்மி அதில் ஒரு பருக்கை தொட்டதில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன்.

கருவறைக் கதவுக்கு இரண்டு சாவி. எங்கள் வீட்டில் ஒன்று, அவர்கள் வீட்டில் ஒன்று. முறை போன வீட்டுக்காரன் தன் சாவியைத் தன் கையால் எடுத்து மனசாரக் கொடுக்க வேண்டும். ஆள் மூலம் அனுப்பக் கூடாது, பிடுங்கவும் கூடாது. ஆடி முதல் தேதிக்கு முந்தின நாள் நான் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள் ஆகியிருந்தது. கூடத்தில் பாயில் படுத்திருந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. சாவி தலையணைக்கு அடியிலேயே இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். கொடுக்கவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். எனக்குக் கால் மடங்காதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் குரலில் ஒரு துளி குற்றச்சாட்டு இருந்திருந்தால்கூட நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று ஏழு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். பொய். சொல்லியிருக்க மாட்டேன். சாவி அவன் கையில் இருந்தது.

"தெரியாதுடா," என்றேன். "ஸ்வாமி சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேனா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல் தடவையாக முகம் தெளிந்தது. எனக்கு அது தெரியுமே என்றான். ஒன்றரை மாதமாக இதை நினைத்து நினைத்துத் தூக்கம் இல்லை, கால் போனதுகூடப் பெரிதில்லை, நீ தெரிந்து சொன்னாயோ என்கிற எண்ணம்தான் தாங்க முடியவில்லை என்றான். சாவியை என் கையில் வைத்து, என் விரல்களை அவனே மூடிவிட்டான்.

"ஜயாதான் ஒரே பிடியாப் பிடிச்சிண்டு நிக்கறா, நீ தெரிஞ்சேதான் சொன்னேன்னு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. அவகிட்ட நீயே ஒரு வார்த்தை சொல்லிடுண்ணா."

அவளைக் கூப்பிட்டான். அவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னை நேராகப் பார்த்ததில்லை. கோபாலு பாயிலிருந்து என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் இரண்டாம் தடவையும் சத்தியம் பண்ணினேன்.

"சாவியைக் குடுத்தாச்சோல்லியோ," என்றாள் அவனிடம். "போகச் சொல்லுங்கோ."